மூன்று யூரோ ரீஸ்லிங்: குமுளி வீட்டுத் திண்ணையில் கேட்ட கேள்விகள்

என் மூத்த மகள் ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரத்தில் நர்ஸ். மோசெல் ஆறு ரைன் ஆற்றில் வந்து சேரும் ஊர் அது. வருடத்துக்கு ஒருமுறை குமுளிக்கு வரும்போது பெட்டிக்குள் சுடிதாரில் சுற்றி இரண்டு ஒயின் பாட்டில் கொண்டு வருவாள். அவள் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் ஆல்டி கடையில் வாங்கியது. ஒரு பாட்டில் மூன்று யூரோவை ஒட்டி வரும், நம் பணத்தில் முந்நூறு ரூபாய் சொச்சம். லேசாக இனிக்கும் ரீஸ்லிங்.

அதைத் திறக்கிற அன்று கம்பத்துச் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுச் சேட்டன், கடையில் என்னோடு வேலை பார்த்தவர்கள் என்று பத்துப் பேர் திண்ணையில் கூடிவிடுவார்கள். கேள்விகள் மட்டும் வருடா வருடம் மாறுவதே இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் ஒயின் படித்தவன் இல்லை. முப்பது வருடம் ஏலக்காய் தரம் பிரித்தவன், மூக்கை வைத்துப் பிழைத்தவன். மற்றதெல்லாம் மகளைக் கேட்டும் லேபிளைத் துருவியும் தெரிந்துகொண்டது.

ரைஸ்லிங்னா அரிசியில செய்றதா மாமா?

இல்லை. பெயர் ரீஸ்லிங், 'ரைஸ்' அதில் இல்லை. அது ஒரு வெள்ளைத் திராட்சை ரகம். பழம் சின்னது, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். ரைன் ஆற்றுச் சீமைதான் அதற்குப் பூர்வீகம். 1435ஆம் ஆண்டிலேயே மைன் ஆற்றங்கரையில் உள்ள ருஸ்ஸெல்ஸ்ஹைம் கோட்டையின் செலவுக் கணக்கில் ரீஸ்லிங் கொடி வாங்கியதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் உலகத்தில் ரீஸ்லிங் அதிகம் பயிராவது ஜெர்மனியில்தான்.

முந்திரி ஒயின்னு சேட்டன் சொல்றாரே, முந்திரிப் பருப்பு எதுக்குப் போடுறாங்க?

கம்பத்தில் இருந்து மலையேறி வருகிற எல்லோருக்கும் வரும் குழப்பம். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. நமக்கு அது கொல்லாம்பழத்துப் பருப்பு. தமிழிலும் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்று ஒரு பெயர் உண்டு, நாம்தான் மறந்துவிட்டோம். சேட்டன் சொன்னது திராட்சை ஒயினை.

அவர் மனதில் இருப்பது கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் ஒயின். பரணி என்கிற ஜாடியில் கருப்புத் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு மூடி வைப்பது. கருநீலமாக, கெட்டியாக, வெல்லப்பாகு போல இனிக்கும். (உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போடுவது கேரள அப்காரிச் சட்டப்படி குற்றம். 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் கலால் துறை எச்சரிக்கை விட்டபோது ஊரே அரண்டது.) அந்த ருசியை எதிர்பார்த்து இதைக் குடித்தால் ஏமாற்றம்தான். இது வேறு சாதிச் சரக்கு.

நம்ம கம்பம் பன்னீர் திராட்சையும் இதுவும் ஒண்ணுதானே?

இரண்டும் திராட்சை, அவ்வளவுதான் உறவு. நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற கருப்பு ரகம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தது என்பது வழங்கி வரும் செய்தி. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெரிய வித்தியாசம் வெயிலில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கொடி தூங்குவதே கிடையாது. நாம் எப்போது கவாத்து பண்ணுகிறோமோ அப்போதிருந்து கணக்கு, வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். அங்கே குளிர்காலம் முழுக்கக் கொடி மொட்டைக் கட்டையாக நிற்கும். ஏப்ரலில் துளிர்த்து, அக்டோபர் வாக்கில்தான் ரீஸ்லிங் அறுவடை. குளிரில் மெதுவாகப் பழுப்பதால் பழத்துக்குள் புளிப்பு கரையாமல் நிற்கிறது. இந்தப் புளிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல கேள்விக்கு இதுதான் பதில்.

முந்நூறு ரூபாய்க்கு ஒயினா? ஏதாவது கலப்படம் இருக்கும்ல?

நம் ஊரில் பாட்டில் விலையில் பாதிக்கு மேல் வரி என்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஜெர்மனியில் சாதாரண ஒயினுக்குக் கலால் வரி பூஜ்யம். 19% விற்பனை வரி மட்டும். மூன்று யூரோ பாட்டிலில் அது 48 சென்ட். நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் பாட்டிலுக்கு 1.02 யூரோ தனி வரி. ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்தில் கடற்படைக்குப் பணம் சேர்க்க 1902இல் போட்ட வரி அது. கைசர் போனார், கடற்படையும் போனது, வரி மட்டும் இருக்கிறது.

கடையும் அப்படிப்பட்ட கடை. எஸ்ஸன் நகரத்தில் 1913இல் ஒரு தாய் நடத்திய சின்ன மளிகைக் கடையை அவருடைய மகன்கள் கார்ல், தியோ ஆல்பிரெக்ட் இருவரும் வளர்த்தது. 'ஆல்பிரெக்ட் டிஸ்கவுண்ட்' என்பதன் சுருக்கம்தான் ஆல்டி. அலங்காரம் இல்லை, சரக்கு வந்த அட்டைப் பெட்டியிலேயே கிழித்து வைத்து விற்பார்கள் என்கிறாள் மகள். ஒயினும் பெரிய புட்டியடைப்பாளர்களிடம் மொத்தமாக எடுப்பது. பழம் பறிப்பதும் பெரும்பாலும் சமவெளித் தோட்டங்களில், இயந்திரத்தை வைத்து. மோசெல் கரையில் நம் தேயிலைச் சரிவே தோற்றுப்போகிற செங்குத்துத் தோட்டங்கள் உண்டு. கால்மோன்ட் என்ற சரிவு 65 டிகிரி வரை சாய்வு. அங்கே கையால்தான் பறிக்க வேண்டும். அந்த ஒயின் மூன்று யூரோவுக்குக் கிடைக்காது.

ஆனால் கலப்படம் இல்லை. லேபிளில் 'குவாலிடேட்ஸ்வைன்' என்று போட்ட ஒவ்வொரு ஜெர்மன் ஒயினும் அரசு அங்கீகரித்த ஆய்வகத்துக்கும் ருசி பார்க்கும் குழுவுக்கும் போய்ப் பாஸாகி, ஒரு பரிசோதனை எண் வாங்க வேண்டும். மூன்று யூரோவோ முப்பது யூரோவோ, எல்லாவற்றுக்கும் அந்தப் படி உண்டு. ஏல மையத்துக்கு வரும் ஏலக்காய்க்கு மாதிரி எடுக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்றரை எடுத்தாலே பாஸ். அதனால் இதை உயர்ந்த ஒயின் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்கான ஒயின்.

இனிப்பு எப்படி வருது? சக்கரை கொட்டுறாங்களா?

திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்குகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போனால் 1% ஆல்கஹால் வரும். கடைசி வரை தின்ன விட்டால் இனிப்பே மிஞ்சாது. பாதி வழியில் சாற்றைக் குளிர வைத்து, ஈஸ்டை வடிகட்டி நிறுத்திவிட்டால் மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கும். இன்னொரு வழி, முழுக்க நொதித்த ஒயினில் நொதிக்காத திராட்சைச் சாற்றைக் கொஞ்சம் சேர்ப்பது. மலிவு ஒயினில் இரண்டாவது வழி சகஜம்.

சர்க்கரை மூட்டையும் ஒரு இடத்தில் வருகிறது, மறைக்க வேண்டியதில்லை. குவாலிடேட்ஸ்வைன் தரத்தில், பழம் சரியாகப் பழுக்காத வருடங்களில் நொதிக்கும் முன் சாற்றில் சர்க்கரை சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. அது சாராயமாக மாறுவதற்கு. குடிக்கும்போது இனிப்பதற்காகச் சர்க்கரை போட அனுமதி இல்லை. 'கபினெட்', 'ஷ்பேட்லேசே' என்று எழுதிய மேல் தரங்களில் எந்தக் கட்டத்திலும் சர்க்கரை சேர்க்கக் கூடாது.

லேபிள் பூரா ஜெர்மன்ல இருக்கு. இனிக்குமா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது ஒரு சொல். எல் எழுத்தில் தொடங்கும் எட்டு எழுத்துச் சொல் 'லீப்லிஷ்' என்றால் இனிக்கும், லிட்டருக்கு 45 கிராம் சர்க்கரை வரை. டி (T) எழுத்தில் தொடங்கும் ஏழு எழுத்துச் சொல் 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பு கிடையாது. அதற்கு முன்னால் 'ஹால்ப்' என்று ஒட்டியிருந்தால் பாதி. 'ஃபைன்ஹெர்ப்' என்று இருந்தால் அதற்குச் சட்டத்தில் அளவே இல்லை, ஆலைக்காரர் இஷ்டம். பெரும்பாலும் லேசாக இனிக்கும்.

இரண்டாவது, ஆல்கஹால் சதவீதம். மேலே சொன்ன கணக்குதான்: ஈஸ்ட் பாதியில் நின்றால் ஆல்கஹாலும் குறைவாக இருக்கும். ரீஸ்லிங் பாட்டிலில் 8, 9 என்று இருந்தால் இனிப்பு மிஞ்சியிருக்கிறது என்று நம்பலாம். 12, 12.5 என்றால் அநேகமாக இனிக்காது. எங்கள் பாட்டிலில் 9. இப்போது ஐரோப்பிய ஒயின்களில் சத்து விவரம் தர வேண்டும் என்று விதி வந்துவிட்டது. மகள் லேபிளில் இருந்த கியூஆர் கட்டத்தைப் போனில் காட்டினாள், 100 மில்லியில் 3.6 கிராம் சர்க்கரை என்று வந்தது.

இனிக்கும்னு சொன்னீங்க, எனக்குப் புளிக்குதே?

நல்ல நாக்கு உங்களுக்கு. இந்த ஒயினின் விஷயமே அந்தப் புளிப்புதான். எல்லோரும் இனிப்பைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் லிட்டருக்கு 36 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் இரண்டு மடக்குக்கு மேல் யாரும் குடிக்க மாட்டோம், வாய் பிசுபிசுக்கும். இதில் பிசுபிசுப்பு இல்லாததற்குக் காரணம் லிட்டருக்கு ஏழெட்டு கிராம் அளவில் இருக்கும் அமிலம். எலுமிச்சை ஜூஸில் சர்க்கரை குறைந்தால் முகம் சுளிக்கிறோம், கூடினால் திகட்டுகிறது. சரியாக நிற்கிற இடம் ஒன்று உண்டு இல்லையா, ரீஸ்லிங் போடுகிறவன் தேடுவதும் அந்த இடத்தைத்தான்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. திராட்சையின் முக்கிய அமிலத்துக்கு டார்டாரிக் அமிலம் என்று பெயர். நம் வீட்டுப் புளியிலும் புளிப்பைத் தருவது அதே அமிலம்தான். பழத்தில் அது இவ்வளவு சேருவது அபூர்வம், புளியும் திராட்சையும் அந்த அபூர்வத்தில் பங்காளிகள். ஆகவே ரசம் குடித்து வளர்ந்த நாக்குக்கு ரீஸ்லிங் அந்நியம் இல்லை. குடம்புளி வேறு, அதில் இருப்பது வேறொரு அமிலம்.

ஜெர்மன் சட்டமே இந்தக் கணக்கை ஒத்துக்கொள்கிறது. 'ட்ரோக்கன்' என்று போட லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைதான் வரம்பு. ஆனால் புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை விடுவார்கள். புளிப்பு கூடின ஒயினில் அந்த இனிப்பு நாக்குக்குத் தெரியாது என்பதால்தான்.

எப்படிக் குடிக்கணும்? ஒரே மடக்கா அடிக்கலாமா?

அடிக்கலாம், யாரும் கைது பண்ண மாட்டார்கள். ஆனால் மகள் அத்தனை தூரம் தூக்கி வந்தது வீண். நான் ஏலக்காயைப் பார்க்கிற மாதிரிதான் இதையும் பார்க்கிறேன்: முதலில் நிறம், அப்புறம் வாசம், கடைசியில் வாய். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறமும் தெரியாது, வாசமும் தங்காது. ஒயின் கிளாஸ் இல்லாவிட்டால் டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் போதும், மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். மேலே இருக்கும் காலி இடத்தில்தான் வாசம் சேரும்.

நிறம் வெளிறிய வைக்கோல், ஓரத்தில் லேசான பச்சை. கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூக்கை உள்ளே விடுங்கள். ஒயின்காரர்கள் பச்சை ஆப்பிள், பீச் பழம், எலுமிச்சைத் தோல் என்று சொல்வார்கள். பீச் பழத்தை நான் டப்பாவில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வருவது நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வரும் வாசம், அதற்குப் பின்னால் பாஷன் ஃப்ரூட்டை வெட்டின மாதிரி ஒன்று. கடைப் பையன் ஒருவன் "கமர்கட்" என்றான். அதுவும் சரிதான், உங்கள் மூக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் வரும்.

ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படும்படி ஐந்து விநாடி வையுங்கள். நுனியில் லேசான சுருசுரு தெரியும். அடைக்கும்போது உள்ளே தங்கிய கரியமில வாயு அது, கெட்டுப்போனது இல்லை. முதலில் இனிப்பு வரும், இரண்டாவது விநாடியில் கன்னத்தின் உள்பக்கம் எச்சில் ஊறும். புளிப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். விழுங்கிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். இந்தப் பாட்டிலில் சீக்கிரமே போய்விடும். மூன்று யூரோவின் எல்லை அங்கேதான் தெரிகிறது.

பிரிட்ஜ்ல வைக்கணுமா, ஃப்ரீசர்லயா?

பிரிட்ஜ். மூன்று மணி நேரம் வைத்து, எடுத்துப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் 8 முதல் 10 டிகிரிக்குள் வரும். கம்பத்துச் சூட்டில் அந்தப் பத்து நிமிடமும் தேவையில்லை. சூடாக இருந்தால் இனிப்பு முன்னே வந்து திகட்டும், ரொம்பச் சில்லென்று இருந்தால் வாசமே இருக்காது.

ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துபோன பெருமை எனக்கு உண்டு. 9% ஒயின் பூஜ்யத்துக்குக் கீழே நாலைந்து டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். பிராந்தி மாதிரி தாங்காது. காலையில் பார்த்தால் திருகு மூடி புடைத்து, பக்கத்தில் இருந்த மீன் பொட்டலத்தின் மேல் ஒயின் ஐஸ்.

ஐஸ் போடலாமா? சோடா கலக்கலாமா?

சோடா கலக்கலாம். ஜெர்மன்காரர்களே கலக்குகிறார்கள், 'ஷோர்லே' என்று பெயர். ஃபால்ஸ் பகுதியில் விரல் பதியும் குழிகள் வைத்த அரை லிட்டர் கண்ணாடி டம்ளரில் குடிப்பார்கள். மூன்று யூரோ ஒயினை அப்படிக் குடிப்பதில் ஒரு குறையும் இல்லை. முதல் கிளாஸை மட்டும் தனியாக ருசி பாருங்கள்.

ஐஸ் எனக்குப் பிடிக்காது. உருக உருகப் புளிப்பு நீர்த்துப் போய், கடைசியில் கழுவின தண்ணீர் மாதிரி ஆகிவிடும். தண்ணீரைக் கலப்பதும் ஐஸ் போடுவதும் ஒன்றுதானே என்று சேட்டன் வாதாடுவார். சோடாவில் ஒரு கூர் இருக்கிறது, ஐஸ் தண்ணீரில் அது கிடையாது.

இது பொம்பளைங்க குடிக்கிறது, போதையே ஏறாதுன்னு சொல்றாங்களே?

சொல்கிறவர் கணக்குப் போடாதவர். நம் பிராந்தியில் 42.8% ஆல்கஹால். 30 மில்லி சின்ன பெக்கில் சுமார் 13 மில்லி ஆல்கஹால். இந்த ஒயின் 9%, 150 மில்லி கிளாஸில் 13.5 மில்லி. ஆக ஒரு கிளாஸ் ஒயின் ஒரு சின்ன பெக்குக்குச் சமம், ஒரு பாட்டிலை முடித்தால் ஐந்து பெக்குக்கு மேல். போன வருடம் "ஜூஸ்தானே" என்று முக்கால் பாட்டிலை ஒருவரே காலி பண்ணிய மச்சான், இரவு எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார். வண்டி ஓட்டி மலை இறங்குகிறவருக்கு இதுவும் பிராந்தியும் ஒன்றுதான். பெண்கள் குடிப்பது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் பாட்டில் வாங்குவதே ஒரு பெண்தான்.

இதுக்குத் தொட்டுக்க என்ன நல்லாருக்கும்?

லேசான இனிப்பும் குறைந்த ஆல்கஹாலும் காரத்துக்கு நல்ல ஜோடி. மிளகாய்க் காரம் நாக்கில் எரியும்போது ஆல்கஹால் அதைத் தூண்டிவிடும், சர்க்கரை தணிக்கும். அதனால் கம்பத்துப் பச்சை மிளகாய் பஜ்ஜிக்கும் நாட்டுக்கோழி வறுவலுக்கும் இது பிரமாதமாக நிற்கிறது. பருப்பு வடையும் சரி, எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு கழுவிவிடும். தேங்காய்ப்பால் விட்ட மீன் மொய்லி என் கட்சி. அந்தக் கொழுப்பும் இந்தப் புளிப்பும் சேரும்போது நார்த்தங்காய் வாசம் இன்னும் மேலே வரும்.

சேராதவை இரண்டு. கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) குடம்புளி போட்ட சிவப்பு மீன் கறியும் சேட்டன் வீட்டுப் பெருமை, ஆனால் அந்தக் கறியின் புளிப்பு ஒயினின் புளிப்பை விழுங்கிவிடும், மிஞ்சுவது வெறும் சர்க்கரைத் தண்ணீர். இன்னொன்று பாயசம். பதார்த்தம் ஒயினை விட இனித்தால் ஒயின் வெறும் புளிக்காடியாகத் தெரியும். அடைப் பிரதமன் சாப்பிட்ட வாயோடு இதைக் குடித்துவிட்டு "கெட்டுப்போச்சு" என்று சொன்னவர்கள் மூன்று பேர்.

பாட்டில் அடியில கண்ணாடித் தூள் மாதிரி மின்னுதே, பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம். புளிப்பைப் பற்றிச் சொன்ன பதிலில் வந்த அதே டார்டாரிக் அமிலம், குளிரில் பொட்டாசியத்தோடு சேர்ந்து உப்பாகப் படிவது. 'ஒயின் கல்' என்று ஜெர்மன்காரர்கள் சொல்கிறார்கள். விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், பொடியும். கண்ணாடி பொடியாது. கடைசி ஒரு வாயைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டால் போதும்.

இது சைவமா?

திராட்சையும் ஈஸ்டும்தான், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒயினைத் தெளியவைக்கச் சில ஆலைகளில் ஜெலட்டின், மீனின் காற்றுப்பையில் எடுக்கும் பசை, முட்டை வெள்ளை, பால் புரதம் இவற்றில் ஒன்றைச் சேர்த்து வடிகட்டுவார்கள். பலர் பெண்டோனைட் என்ற களிமண்ணை மட்டும் பயன்படுத்துவார்கள். பின் லேபிளில் 'வீகன்' என்று போட்டிருந்தால் நிம்மதி. எங்கள் பாட்டிலில் போட்டிருக்கிறது, இல்லாவிட்டால் என் மாமியார் தொட்டிருக்க மாட்டார்.

எனக்கு சுகர் இருக்கு. ஒரு கிளாஸ் எடுக்கலாமா?

சர்க்கரை அளவு மேலே இருக்கிறது: 150 மில்லி கிளாஸில் 5 கிராம் சொச்சம், ஒரு டீஸ்பூன். கோலா பானத்தில் இதைப் போல மூன்று மடங்கு. ஆனால் ஆபத்து இனிப்பில் மட்டும் இல்லை. இன்சுலினோ சில வகை சுகர் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆல்கஹால் சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்திவிடும், அதுவும் வெறும் வயிற்றில். உங்கள் டாக்டர் சொன்னால் குடியுங்கள். நான் ஊற்றித் தர மாட்டேன்.

ஒரு பாட்டிலைக் கம்பத்துக்கு எடுத்துட்டுப் போகட்டுமா மாமா?

மாட்டேன். வெளிநாட்டில் இருந்து வரும் ஒருவர் 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டு வரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு அதற்குள் அடங்கும், மூன்றாவது அடங்காது. அதனால்தான் மகள் இரண்டோடு நிறுத்துகிறாள். ஆனால் குமுளிச் சோதனைச்சாவடி தாண்டினால் வேறு மாநிலம், வேறு சட்டம். அனுமதி இல்லாமல் வெளிமாநிலத்தில் இருந்து மது கொண்டு போவது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி வழக்கு. முந்நூறு ரூபாய்ச் சரக்குக்கு லோயர் கேம்ப்பில் வண்டியை நிறுத்திப் பதில் சொல்ல வேண்டுமா? மலையேறி வந்து இங்கேயே குடியுங்கள். அதுவும் 23 வயது ஆனவர்கள் மட்டும், கேரளத்தில் அதுதான் வரம்பு.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

மூடியைத் திருகி பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும், ஐந்து நாள் வரை குடிக்கலாம். திறக்காததை ஒரு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள். பரணில் போட்டு வருடக்கணக்கில் ஊற வைக்க இது அந்த ரகம் இல்லை.

மண்ணெண்ணெய் வாடை அடிக்குதே, கெட்டுப்போச்சா?

இந்தக் கேள்வி வந்தால் கேட்டவர் மூக்கை மதிக்கிறேன். ரீஸ்லிங்குக்கே உரிய வாடை அது. பழத்தோலில் இருக்கும் மஞ்சள் நிறமிகள் உடைந்து, நாளாக ஆக ஒயினில் டி.டி.என். என்ற பொருள் உண்டாகிறது. பழம் அதிக வெயில் பட்டிருந்தாலும், பாட்டில் பழசானாலும், சூட்டில் இருந்தாலும் கூடும். பழைய, விலை கூடிய ரீஸ்லிங்கில் லேசாக வந்தால் அதை விரும்பிக் குடிக்கிறவர்கள் உண்டு.

புது மலிவு பாட்டிலில் தூக்கலாக அடித்தால் எங்கேயோ வெந்திருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன். ஒருமுறை கொச்சி விமான நிலையத்தில் இருந்து வந்த வண்டியின் டிக்கியிலேயே ஒரு பாட்டிலை இரண்டு நாள் மறந்துவிட்டோம். மண்ணெண்ணெயோடு வேகவைத்த ஆப்பிள் வாசமும் வந்தது. ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது வேறு, கார்க் கெட்டது, கொட்டிவிடலாம். அணைத்த தீக்குச்சி வாடை வந்தால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகம். பத்து நிமிடம் கிளாஸில் விட்டால் போய்விடும்.

போன வருஷமும் இதே லேபிள், இதே பேரு. ருசி ஏன் வேற?

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அறுவடை ஆண்டு. அந்த வருடத்து வெயிலும் மழையும் புளிப்பை மாற்றிவிடும். லேபிளில் ஆண்டு இருக்கும், பாருங்கள். இரண்டாவது காரணம் கடையின் சொந்த லேபிள். படம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு தொட்டியாகவோ வேறு புட்டியடைப்பாளராகவோ இருக்கலாம். விலை பற்றிய பதிலில் சொன்ன பரிசோதனை எண்ணை ஒப்பிடுங்கள். நீண்ட எண், கடைசி இரண்டு இலக்கம் பரிசோதித்த ஆண்டு. இரண்டு பாட்டிலில் அந்த எண் முழுக்க ஒன்றாக இருந்தால்தான் ஒரே சரக்கு. லாட் நம்பர் பார்க்காமல் ஏலக்காய் வாங்குவோமா?

விலை கூடினதை வாங்கிட்டு வரச் சொன்னா என்ன? வித்தியாசம் தெரியுமா?

போன டிசம்பரில் அதையும் பார்த்துவிட்டோம். மகள் ஒன்று வழக்கமானதும், ஒன்று மோசெல் கபினெட்டும் கொண்டு வந்தாள். பின்னது பதினொரு யூரோ. லேபிளை மறைத்து, இரண்டையும் ஒரே சூட்டில், பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினேன். முதல் வாயில் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இனிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். விழுங்கிய பிறகுதான் தெரிந்தது. மலிவானது போய்விட்டது, கபினெட்டின் புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்திலும் கோடு போட்ட மாதிரி நின்றது, மழை நனைத்த பாறை மாதிரி ஒரு வாசத்தோடு. எனக்கு அதுதான் பிடித்தது.

என் மனைவிக்கு மூன்று யூரோ பாட்டில்தான் பிடித்தது. மீன் மொய்லிக்கு அது போதும், மற்றது சாப்பாட்டைக் கவனிக்க விடவில்லை என்றாள். அடுத்த தடவைக்கும் ஆளுக்கு ஒன்று என்று மகளிடம் சொல்லியாகிவிட்டது.